வான்கோழிக் குஞ்சின் முதல் முப்பது நாள்

பிறந்து மூன்று நாளான வான்கோழிக் குஞ்சு, தட்டு நிறையத் தீவனம் இருக்கும்போதே பட்டினியால் சாகும். தீவனத்தில் குறை இருக்காது. தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். குஞ்சுக்கு நோய் எதுவும் இருக்காது. எதிரே கிடப்பது உணவு என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். முட்டையிலிருந்து வயிற்றுக்குள் கொண்டுவந்த மஞ்சள்கருவின் மிச்சம் இரண்டு மூன்று நாளுக்கு அதைத் தாங்கும். அதற்குள் கொத்தித் தின்னப் பழகாவிட்டால் சுருண்டு படுத்துவிடும். ஆரம்ப நாள்களில் நூற்றுக்கு 6 முதல் 10 குஞ்சுகள் இப்படியே போய்விடக்கூடும் என்பது பண்ணைகளில் சொல்லும் கணக்கு.

நாட்டுக்கோழி வளர்த்துப் பழகியவருக்கு இது நம்ப முடியாத செய்தி. கோழிக்குஞ்சு ஓட்டை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்தில் தரையைக் கொத்த ஆரம்பித்துவிடும். வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வையும் துணிச்சலும் கொஞ்சம் தாமதமாகத்தான் கூடிவரும். காட்டில் அதன் தாய் கூடவே நடந்து, கொத்திக் காட்டி, குரல் கொடுத்துப் பழக்குகிறது. நம் வீட்டுக்கு வரும் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தது. அது தாயைப் பார்த்ததே இல்லை.

மண்ணூர், வளர்புரம், தண்டலம் பக்கம் இன்றைக்கும் பல வீடுகளுக்குப் பின்னால் நான்கைந்து சென்ட் இடமும் ஒரு வேப்பமரமும் இருக்கின்றன. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் ஒரகடம் என்று சிப்காட் ஆலைகள் சூழ்ந்துவிட்ட ஊர்கள் இவை. வீட்டில் ஒருவராவது ஷிப்டு வேலைக்குப் போகிறவராக இருப்பார். மாடு வைத்திருந்த குடும்பங்கள் மேய்ச்சல் நிலம் போனதும் மாட்டை விட்டுவிட்டன. கோழியைப் பலர் விடவில்லை. கோழியோடு நான்கு வான்கோழியும் வளர்த்துப் பார்க்கலாமே, டிசம்பரில் நல்ல விலை போகுமே என்ற எண்ணம் இங்கே எளிதாக வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் வான்கோழியைப் பெரிய உருவத்துக் கோழி என்று நினைத்து வளர்த்தால் கூடு சீக்கிரமே காலியாகிவிடும். பிறப்பிடம், உணவுத் தேவை, நோய், நடத்தை எல்லாவற்றிலும் அது வேறு பறவை. எப்படி வேறு என்று தெரிந்துகொண்டால் வளர்ப்பு கடினமில்லை.

மெக்சிகோவிலிருந்து நந்தனம் வரை

கோழியின் மூதாதை நம் ஆசியக் காடுகளின் காட்டுக்கோழி. வான்கோழியின் மூதாதை அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெலியாகிரிஸ் கல்லோபாவோ என்பது அதன் அறிவியல் பெயர். இன்று உலகம் முழுவதும் வீடுகளிலும் பண்ணைகளிலும் இருக்கும் வான்கோழிகள், மெக்சிகோவின் பழங்குடி மக்கள் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பழக்கிய பறவையின் வழிவந்தவை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கப்பல் வழியே கீழை நாடுகளுக்கு வந்தது.

இந்தியாவுக்கு வந்த வான்கோழிகளில் மிகப் புகழ்பெற்றது 1612இல் ஜஹாங்கீரின் அரண்மனைக்குப் போனது. முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவில் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வாங்கிவந்த அரிய பொருள்களில் அதுவும் ஒன்று. அதன் தலையும் கழுத்தும் நேரத்துக்கு நேரம் நிறம் மாறுவதைக் கண்டு வியந்த ஜஹாங்கீர், தன் நினைவுக் குறிப்பில் அதைப் பச்சோந்தியோடு ஒப்பிட்டார். அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழிச் சேவலின் படம் இன்றும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜஹாங்கீரை வியக்கவைத்த நிறமாற்றத்துக்கு இன்று விளக்கம் உண்டு. வான்கோழியின் தலைத்தோலில் கொலாஜன் இழைகள் ஒழுங்கான கற்றைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றினூடே ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பறவை கிளர்ச்சி அடையும்போதோ பயப்படும்போதோ குழாய்கள் விரியும் அல்லது சுருங்கும். இழைகளின் இடைவெளி மாறும். ஒளி சிதறும் விதமும் அதோடு மாறும். அதனால்தான் ஒரே தோல் சிவப்பாகவும் நீலமாகவும் வெள்ளையாகவும் தெரிகிறது. 2014இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதே அமைப்பைப் பின்பற்றி, சில வேதிப்பொருள்கள் பட்டால் நிறம் மாறும் உணரி ஒன்றைச் செய்து காட்டினார்கள். மயிர் இல்லாத அந்தத் தலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கத்திரி வெயிலில் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும் வழிகளில் மூச்சிரைப்பு ஒன்று, இந்த வெறுந்தலை இன்னொன்று.

ஔவையாரின் மூதுரை படித்த நமக்கு வான்கோழி என்றாலே மயிலைப் பார்த்து ஆட முயன்ற பறவை என்ற நினைப்பு வந்துவிடும். உயிரியல் அதன் பக்கம் நிற்கிறது. மயிலும் வான்கோழியும் கோழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வாலை விசிறியாக விரித்து, இறக்கையைத் தரையில் உரசி, மார்பை நிமிர்த்தி நடப்பது வான்கோழிச் சேவல் தன் பெட்டையைக் கவர ஆடும் சொந்த ஆட்டம். மயிலே இல்லாத கண்டத்தில் அது ஆடிவந்தது.

நம் மாநிலத்துக்கு ஏற்ற வான்கோழியை உருவாக்கிய இடம் சென்னை நந்தனத்தில் இயங்கிய கோழியின ஆராய்ச்சி நிலையம். நம் ஊர்க் கறுப்பு நாட்டு வான்கோழியையும், பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை என்ற அமெரிக்க இனத்தையும் கலந்து நந்தனம் வான்கோழி-1 என்ற ரகத்தைத் தந்தார்கள். பிறகு நந்தனம் வான்கோழி-2 வந்தது. பெல்ட்ஸ்வில் இனம் அமெரிக்க வேளாண்துறையின் மேரிலாந்து ஆய்வுப் பண்ணையில் 1930களில் சிறிய குடும்பங்களுக்காக உருவானது. வெளிநாட்டுப் பெரும் பண்ணைகளின் அகன்ற மார்பு வெள்ளை வான்கோழிகள் இயல்பாக இணைசேர முடியாத அளவுக்குப் பருத்தவை. அங்கே செயற்கைக் கருவூட்டல் இல்லாமல் குஞ்சு கிடையாது. புறக்கடைக்கு வேண்டியது தானே இணைசேர்ந்து, தானே அடைகாத்து, தானே மேய்ந்து தின்னும் பறவை. அந்த வகையில் நாட்டு வான்கோழியும் நந்தனம் ரகமும்தான் நமக்குத் தோது.

பெல்ட்ஸ்வில் இனத்தைப் பற்றி இன்னொரு செய்தி. சேவலே படாத பெட்டைகளின் முட்டைகள் சிலவற்றில் கரு வளர்வதை 1950களில் அந்தப் பண்ணையின் ஆய்வாளர் ஓல்சன் கண்டுபிடித்தார். பெரும்பாலானவை பாதியிலேயே நின்றுபோயின. பொரிந்து வளர்ந்த ஒருசில குஞ்சுகள் எல்லாம் சேவல்கள். பறவைகளில் பெட்டைக்கு இசட், டபிள்யூ என்று இரண்டு வேறு பால் குரோமோசோம்கள். சேவலுக்கு இரண்டுமே இசட். தகப்பன் இல்லாத கருவில் தாயின் பாதிப் பங்கு தானே இரட்டிப்பாகிறது. இசட் இரட்டித்தால் சேவல் பிறக்கும். டபிள்யூ இரட்டித்தால் கரு பிழைக்காது. இது அபூர்வத்திலும் அபூர்வம். உங்கள் வீட்டில் முட்டை பொரிய வேண்டுமென்றால் ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கில் வையுங்கள்.

தாயின் மூன்று வேலைகள்

வான்கோழித் தாய் குஞ்சுக்குச் செய்பவை மூன்று: சூடு தருகிறது, தின்னப் பழக்குகிறது, குரலைக் கேட்டு ஓடிவருகிறது. முதல் முப்பது நாளில் வளர்ப்பவர் இந்த மூன்றையும் செய்தாக வேண்டும்.

முதலில் சூடு. ஒரு நாள் குஞ்சின் எடை ஏறத்தாழ 50 கிராம். அதன் பஞ்சு மயிர் உடம்புச் சூட்டைக் காக்கப் போதாது. முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். வழக்கமாக நான்கு வாரம். மழையும் குளிரும் இருந்தால் ஐந்து ஆறு வாரம். ஒரு வட்டத் தகரத் தடுப்பு, நடுவில் பல்பு, கீழே உமியோ கடலைத்தோலோ பரப்பிய கூளம், அதன் மேல் முதல் சில நாளுக்கு ஒரு சாக்கு. இவ்வளவு போதும். தடுப்பு வட்டமாகத்தான் இருக்க வேண்டும். பயந்த குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். வழவழப்பான தரை ஆகாது. கால் வழுக்கி விரிந்த குஞ்சு பிறகு நிமிர்ந்து நிற்பது கடினம். ஆரம்பத்தில் மரத்தூளும் வேண்டாம். தீவனம் எது, தூள் எது என்று தெரியாமல் தின்று குடலை அடைத்துக்கொள்ளும்.

சூடு சரியாக இருக்கிறதா என்று குஞ்சுகள் நிற்கும் இடமே சொல்லிவிடும். பல்புக்குக் கீழே நெருக்கியடித்து நின்றால் குளிர்கிறது. தடுப்பை ஒட்டி வாயைத் திறந்தபடி நின்றால் சூடு அதிகம். எல்லா இடத்திலும் பரவித் திரிந்தால் சரியாக இருக்கிறது.

அடுத்தது தீனி. குஞ்சு பளபளப்பும் நிறமும் அசைவும் ஒலியும் உள்ளவற்றை நோக்கித் திரும்பும். இந்த இயல்பை வைத்தே அதைத் தின்னப் பழக்கலாம். தீவனத் தட்டிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் நிறக் கோலிக்குண்டுகளைப் போட்டு வையுங்கள். குண்டைக் கொத்தும் அலகு தீவனத்தில் படும், தண்ணீரில் நனையும். தட்டின் விளிம்பை விரலால் மெதுவாகத் தட்டினால் குஞ்சு அந்த ஒலிக்கு வரும். பச்சை நிறம் அதற்குப் பிடிக்கும் என்பதால் பொடியாக நறுக்கிய கீரையைத் தீவனத்தின் மேல் தூவலாம். முதல் பதினைந்து நாளுக்குப் பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போடுவதும், ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்து வைப்பதும் நம் மாநிலத்தில் பரிந்துரைக்கப்படும் வழக்கம். அப்படியும் தின்னாத குஞ்சின் அலகைப் பிடித்துத் தண்ணீரில் தொட்டு, வாயில் கொஞ்சம் ஊட்டிவிட வேண்டும். தின்னப் பழகிய குஞ்சு ஒன்று கூட்டத்தில் இருந்தால் மற்றவை அதைப் பார்த்தே பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று கோழிக்குஞ்சுகளை உடன் விட்டுப் பழக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். அதன் ஆபத்தைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாவது காது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த வோல்ஃப்காங் ஷ்லைட்டும் அவருடைய குழுவினரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வான்கோழித் தாயின் மனத்தைத் திறந்து காட்டியது. காது கேளாத பெட்டைகள் தாங்கள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளையே எதிரி என்று நினைத்துக் கொத்திக் கொன்றன. கண் நன்றாகத் தெரிந்தும் குஞ்சு என்று அடையாளம் காணவில்லை. கீச்சென்ற குரல்தான் அவற்றுக்குக் குஞ்சின் அடையாளம். தாயையும் குஞ்சையும் இணைப்பது ஒலி.

வளர்ப்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. தடுப்புக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் வெளியே நின்று கேளுங்கள். வயிறு நிறைந்து சூட்டில் இருக்கும் குஞ்சுகள் மெல்லிய குரலில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். உரத்த, நீண்ட, விட்டுவிட்டு வரும் கீச்சொலி தனித்துப்போன, குளிர்ந்த அல்லது பசித்த குஞ்சின் அழைப்பு. அதைக் கேட்டுக் காரணம் தேடுகிறவர் குஞ்சைக் காப்பாற்றிவிடுவார். இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வாரத்தில் விடக்கூடாது. இரவில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் பல்பு எரியாமல் இருந்தாலே இழப்பு வரும்.

ஒன்றே ஒன்றை மட்டும் வாங்கி மடியில் வைத்து வளர்ப்பதும் நல்லதல்ல. மனிதரைத் தன் இனம் என்று எண்ணி வளர்ந்த சேவல், பருவம் வந்ததும் மனிதரைப் போட்டிச் சேவல் என்று எண்ணிப் பாயும். ஏழெட்டுக் கிலோ எடையுள்ள சேவல் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாய்ந்தால் விபரீதம்தான். குஞ்சுகள் கூட்டமாகவே வளரட்டும்.

தீவனக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி

50 கிராம் குஞ்சு இருபது வாரத்தில் பெட்டையானால் நாலரை முதல் ஐந்து கிலோவும், சேவலானால் ஏழு முதல் எட்டுக் கிலோவும் ஆகிறது. பெட்டைகூடப் பிறந்த எடையைப்போல் தொண்ணூறு முதல் நூறு மடங்கு வளர்கிறது. இந்த வளர்ச்சிக்கு முதல் வாரங்களில் 28 சதவீதம் புரதமுள்ள தீவனம் வேண்டும். கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் இருப்பது ஏறத்தாழ 22 சதவீதம். நியாசின் என்ற பி வைட்டமினும் வான்கோழிக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட அதிகம் தேவை. அது குறைந்தால் கால் வளைந்து மூட்டு வீங்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தீவன மூட்டையில் இருக்கலாம். ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கறிக்கோழித் தீவனத்தில் சாலினோமைசின் என்ற மருந்தைச் சேர்ப்பது வழக்கம். கோழிக்கு ஒத்துக்கொள்ளும் அதே அளவு வான்கோழிக்கு நஞ்சு. அந்த மருந்து செல்லின் சவ்வு வழியே உப்பு அயனிகளைத் தாறுமாறாக உள்ளே விடுகிறது. அதனால் முதலில் பாதிக்கப்படுபவை தசைகளும் இதயமும். பறவை காலை நீட்டிப் படுத்துவிடும். வளர்ந்த வான்கோழிகளுக்கு இது இன்னும் கொடியது. நராசின் என்ற மருந்தும் அப்படியே. ஆகவே மூட்டை வாங்கும்போது புரத அளவை மட்டும் கேட்டு நிற்காமல், சாலினோமைசினோ நராசினோ சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் மக்காச்சோளம், கம்பு, சோயா, கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், தாது உப்பு சேர்த்து அரைத்துக்கொள்வது நலம். விகிதத்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

புரதத்துக்கு நம் கிராமங்கள் கண்ட மலிவான வழி கரையான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, அட்டைத்துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் சேர்ந்திருக்கும். தட்டிக் கொட்டினால் அசைந்து ஓடும் உணவு. அசைவதைக் கொத்தும் குஞ்சுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வளர்ந்த பிறகு வான்கோழி அருமையாக மேயும். புல், கீரை, பூச்சி, நத்தை, சமையலறை மிச்சம் எல்லாம் தின்னும். நல்ல மேய்ச்சல் கிடைத்தால் தீவனச் செலவு பாதியாகக் குறையும். அசோலா, வேலிமசால், முருங்கைக்கீரை சேர்த்துக்கொள்ளலாம். மேய்ச்சலில் வளரும் பறவைக்குக் கால் வலுக்கக் கிளிஞ்சல் தூள் கொடுக்க வேண்டும்.

கோழியும் வான்கோழியும் ஒரே முற்றத்தில் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. உண்ணி வழியாக மாட்டுக் காய்ச்சல் பரவுவதை நிரூபித்துப் புகழ்பெற்ற தியோபால்ட் ஸ்மித், 1895இல் அந்தச் சாவுகளை ஆராய்ந்து, கல்லீரலையும் குருட்டுக்குடலையும் அரிக்கும் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் இன்றைய பெயர் ஹிஸ்டோமோனாஸ் மெலியாகிரிடிஸ். நோயின் பெயர் கருந்தலை நோய். ஆனால் தலை கறுப்பது எப்போதும் நடப்பதில்லை. கந்தக மஞ்சள் நிறத்தில் கழிச்சல், இறக்கை தொங்கிய சோர்வு, கல்லீரலில் வட்ட வட்டமான புண்கள் ஆகியவைதான் அதன் முக்கியமான குறிகள்.

தின்ற தீனியோடு நேராக உள்ளே போனால் பெரும்பாலும் இரைப்பை அமிலத்தில் செத்துவிடும் இந்த மெல்லிய உயிர் எப்படிப் பரவுகிறது? கிரேபில் என்ற ஆய்வாளரும் அதே ஸ்மித்தும் 1920இல் விடை கண்டார்கள். கோழியின் குருட்டுக்குடலில் ஹெட்டராக்கிஸ் என்ற சிறு புழு வாழ்கிறது. ஒட்டுண்ணி அந்தப் புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொள்கிறது. கோழி எச்சத்தோடு முட்டை மண்ணில் விழுகிறது. கெட்டியான ஓட்டுக்குள் அது ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். மண்புழு அந்த மண்ணைத் தின்று முட்டையைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். மண்புழுவை வான்கோழி தின்னும்.

கோழிக்கு இந்த ஒட்டுண்ணியால் பெரும்பாலும் வெளித்தெரியும் நோய் வருவதில்லை. ஆசியக் காட்டுக்கோழியின் வழிவந்த கோழி நெடுங்காலமாக இதோடு பழகிவிட்டது என்று கருதப்படுகிறது. வேறு கண்டத்திலிருந்து வந்த வான்கோழிக்கு அந்தப் பழக்கம் இல்லை. மந்தையில் நோய் நுழைந்தால் பத்தில் எட்டுக்கு மேலும் சாகலாம். தடுப்பூசி கிடையாது. மருந்துகளும் மனிதருக்குத் தீங்கு என்பதால் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் கடைசியாக மிஞ்சியிருந்த நைட்டார்சோன் என்ற ஆர்செனிக் மருந்தும் 2015இல் நின்றுபோனது.

இதற்கு நம் கையில் இருக்கும் ஒரே மருந்து வேலி. கோழி இதுவரை மேயாத இடத்தை வான்கோழிக்கு ஒதுக்குங்கள். ஒரே கூண்டு, ஒரே தட்டு, ஒரே முற்றம் வேண்டாம். கோழிக் கூட்டை வாரிய கையோடும் செருப்போடும் வான்கோழிப் பக்கம் போக வேண்டாம். குஞ்சைத் தின்னப் பழக்கக் கோழிக்குஞ்சை உடன் விடுவதும், அடைக்கோழியை வைத்து வான்கோழி முட்டையைப் பொரிக்கவைத்துத் தாய்க்கோழியோடே மேய விடுவதும் இதனால்தான் ஆபத்து. வான்கோழி முட்டை பொரிய 28 நாள் ஆகும். வான்கோழிப் பெட்டையே 10 முதல் 15 முட்டை வரை பொறுமையாக அடைகாக்கும். அந்த வேலையை அதனிடமே விடலாம். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்கம் செய்வது இந்தச் சங்கிலியை இன்னொரு இடத்தில் அறுக்கிறது.

ஆலை சூழ்ந்த ஊரின் முற்றம்

மண்ணூர் போன்ற ஊரில் வளர்ப்பவர் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் தனி.

பளபளப்பானதைக் கொத்தும் இயல்பு முதல் வாரத்தில் உயிர் காக்கும். வளர்ந்த பிறகு அதே இயல்பு உயிரை எடுக்கும். லேத்துப் பட்டறையின் உலோகச் சுருள், ஆணி, திருகு, வெட்டிய வயர்த்துண்டு, வெல்டிங் துளிகள் எல்லாவற்றையும் வான்கோழி விழுங்கும். அரைக்கும் இரைப்பையின் வலிமையான தசை அந்தக் கூர்முனைகளைச் சுவருக்குள்ளேயே அழுத்திக் குத்திவிடும். துத்தநாகம் பூசிய துண்டுகள் இரைப்பை அமிலத்தில் கரைந்து நஞ்சாகும். மேய விடுவதற்கு முன்னால் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துப் பாருங்கள். இரும்பெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். செம்பும் அலுமினியமும் ஒட்டாது, அவற்றைக் கண்ணால் தேடிப் பொறுக்க வேண்டும். ஆலைக் கழிவோ பழைய பேட்டரியோ பெயின்ட் டப்பாவோ கொட்டிய மனையில் பறவையை விடவே கூடாது. ஈயம் பறவையின் எலும்பிலும் முட்டையிலும் சேர்ந்து, முட்டையைத் தின்னும் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

திடீரென்று எழும் உரத்த ஒலிக்குச் சேவல் வான்கோழி கத்திப் பதில் சொல்லும். காட்டு வான்கோழிகளும் இடிக்கும் வாகன ஒலிக்கும் இப்படிக் கத்துவதுண்டு. கன்டெய்னர் லாரியின் ஹாரனும் ஆலையின் சங்கும் கேட்கும் இடத்தில் சேவல்கள் நாள் முழுக்கக் குரல் கொடுக்கும். பக்கத்து வீட்டில் இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவரிடம் முன்கூட்டிப் பேசிக்கொள்வது நல்லது. குஞ்சுகள் அதே ஒலிக்கு மிரண்டு குவிந்து நசுங்கும் என்பதால் அவற்றின் கூண்டு தெருப்பக்கம் இருக்கக்கூடாது.

தெருநாய், கீரி, பூனை மூன்றும் இங்கே உண்டு. பகலில் ஆறடி வலைவேலி வேண்டும். ஒரு பக்க இறக்கையின் பறக்கும் இறகுகளை வெட்டிவிட்டால் மதில் தாண்டாது. இரவில் ஒரு பறவைக்கு மூன்று முதல் நான்கு சதுர அடி கணக்கில் மூடிய கொட்டகை வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கூளம் நனைந்தால் ரத்தக்கழிச்சலும் அம்மோனியா நெடியும் வரும். தரையை மேடாக்கி, கூளத்தைக் கிளறி, நனைந்ததை உடனே மாற்ற வேண்டும்.

தடுப்பூசிகளை மறக்கக்கூடாது. முதல் நாளில் வெள்ளைக்கழிச்சலுக்கு, நான்காவது ஐந்தாவது வாரத்தில் அம்மைக்கு, ஆறாவது வாரத்தில் மறுபடி வெள்ளைக்கழிச்சலுக்கு, எட்டு முதல் பத்து வாரத்துக்குள் காலராவுக்கு என்பது பரிந்துரைக்கப்படும் வரிசை. குஞ்சு வாங்கும் இடத்தில் எது போடப்பட்டது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தையும் கணக்குப் பார்த்துத் தொடங்க வேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் குஞ்சு வாங்கினால் இரவு வெப்பம் சாதகமாக இருக்கும். மின்செலவு குறையும். அக்டோபரில் பெருமழை பிடிக்கும்போது பறவைக்கு மூன்று மாதம் கடந்திருக்கும், நனைந்தாலும் தாங்கும். கிறிஸ்துமஸ் வரும்போது 24 வாரம். சேவல்களை விற்றுவிட்டு, நல்ல பெட்டைகளை நிறுத்திக்கொண்டால், சுமார் 30 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஒரகடம், சிங்கப்பெருமாள்கோயில் வழியாகக் காட்டுப்பாக்கம் போய்வாருங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன. பயிற்சி எப்போது, தரமான குஞ்சு எங்கே கிடைக்கும், தீவனத்தில் என்ன கலக்கலாம் என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பிறகு உங்கள் வீட்டைப் பார்த்து ஒரு முடிவுக்கு வாருங்கள். முதல் முப்பது நாளும் இரவும் பகலும் குஞ்சின் குரல் கேட்கும் தூரத்தில் யாராவது ஒருவர் இருக்க முடியுமென்றால் ஒரு நாள் குஞ்சு வாங்குங்கள். எல்லோரும் வேலைக்குப் போகிற வீடு என்றால், கூடுதல் விலை கொடுத்தாவது, தின்னப் பழகிய, ஐந்து ஆறு வாரக் குஞ்சாக வாங்குங்கள். முதல் முறைக்கு ஆறு குஞ்சு போதும். கோழி மேயாத இடம் இல்லையென்றால் கோழி அல்லது வான்கோழி, இரண்டில் ஒன்றை மட்டும் வளர்ப்பதே சரி.